வேலைத்தலத்தில் கைகலப்பு: காயப்பட்டவருக்கு நட்டஈடு உண்டா?

வயலும் மாடும் கைவசம் இருந்த காலத்தில் நீங்கள் எவரிடமும் கூலிக்கு நிற்கவில்லை. படுவான்கரையை விட்டு வாவிக்கு இப்பால் வந்த பின்னர் அரிசி ஆலை, கட்டட வேலை, மூட்டை சுமத்தல் என்று நாட்கூலிக்குப் போக நேர்ந்தது. பலர் நெருங்கி நின்று உழைக்கும் இடத்தில் வாய்த்தர்க்கம் வரும். சிலவேளை அது கைகலப்பாகவும் முடியும். காயப்பட்டவரோ, "சண்டையில் பட்ட அடிதானே, யாரிடம் போய்க் கேட்பது?" என்று வீட்டில் முடங்கிவிடுகிறார். அடுப்பு எரிவதில்லை. அவர் அப்படி ஒதுங்கிவிட வேண்டியதில்லை.

சட்டம் சொல்வது என்ன?

இலங்கையில் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் உண்டு. வேலையின்போது, வேலையின் காரணமாக நேர்ந்த விபத்தில் காயப்பட்டால் முதலாளி நட்டஈடு கொடுக்க வேண்டும். முதலாளியிடம் பிழை இருந்ததா என்பது கேள்வியல்ல. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் நட்டஈட்டின் உச்ச வரம்பை 20 இலட்சம் ரூபாவாக உயர்த்தியது.

வேண்டுமென்று அடித்த அடி விபத்தாகுமா? ஆகலாம். அயர்லாந்தில் ஒரு பாடசாலை ஆசிரியரை மாணவர்கள் திட்டமிட்டு அடித்துக் கொன்றனர். அதுவும் விபத்தே என்று 1914இல் பிரித்தானியப் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. அடிபட்டவர் அதை எதிர்பார்க்கவில்லை. அவருடைய வேலையே அவரை அந்த ஆபத்தில் நிறுத்தியது. எமது சட்டமும் பிரித்தானியச் சட்டத்தின் வழிவந்ததே.

சண்டை எதனால் வந்தது?

இதுவே முதன்மையான கேள்வி. அரிசி ஆலையொன்றை எண்ணிப் பாருங்கள். மூட்டையை எங்கே அடுக்குவது என்று இருவர் தர்க்கப்படுகின்றனர். ஒருவர் கொக்கியால் மற்றவரின் கையைக் கிழித்துவிடுகிறார். சண்டை வேலையிலிருந்து பிறந்ததால், காயப்பட்டவர் நட்டஈடு கேட்க இடமுண்டு. அதே இருவர் ஊரில் இருந்த பழைய காணித் தகராற்றுக்காக ஆலையில் மோதிக்கொண்டால் நிலைமை வேறு. இடம் வேலைத்தலம்தான், காரணம் வேலையல்ல. அப்போது நட்டஈடு கிடைப்பது கடினம். சண்டையைத் தாமே தொடங்கியவருக்கும் அவ்வாறே.

மதுபோதையே விபத்துக்கு நேரடிக் காரணமானால், மரணம் நேர்ந்தாலன்றி நட்டஈடு இல்லை. சில நாள்களில் ஆறிவிடும் சிறு காயத்துக்கும் இல்லை.

செய்ய வேண்டியவை

1. முதலாளிக்கு உடனே அறிவியுங்கள். எழுத்தில் கொடுத்துப் பிரதியொன்றை வைத்திருங்கள்.

2. அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். காயம் எப்படி வந்தது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். "விழுந்துவிட்டேன்" என்று சொன்னால் அந்தப் பதிவே பின்னர் உங்களுக்கு எதிராக நிற்கும்.

3. தர்க்கம் எதில் தொடங்கியது என்று கண்டவர்களின் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

4. நியமனக் கடிதம் இல்லையே என்று பின்வாங்க வேண்டாம். வாய்ப்பேச்சில் பேசிய வேலையும் வேலையே. சம்பளம் வாங்கிய நாள்களைக் கொப்பியில் எழுதி வையுங்கள்.

5. சிறுதொகை தந்து, "இனி எதுவும் கேட்கமாட்டேன்" என்று கையொப்பம் கேட்டால் இடாதீர்கள்.

6. தாமதியாமல் அருகிலுள்ள தொழில் அலுவலகத்தில் விசாரித்து, தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளருக்கு விண்ணப்பியுங்கள்.

அடித்தவரோடு சமாதானமாகிவிட்டீர்களா? நல்லது. அவரும் உங்களைப் போல ஊரை விட்டு வந்தவராக இருக்கலாம். ஆனால் சமாதானம் வேறு, நட்டஈடு வேறு. அவரை மன்னித்த பின்னரும் முதலாளியிடம் உங்கள் உரிமையைக் கேட்கலாம்.