புகைக் கணக்கு – 6: பொலிவியக் காடும் ஓஹியோவின் புகைபோக்கியும்

குவாத்தமாலா விவசாயிகளை மரம் நடவைத்து, கனெக்டிகட்டில் எரிக்கும் நிலக்கரிக்கு ஈடுகட்ட முயன்ற ஏ.இ.எஸ். நிறுவனத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். புதிதாக நடுவானேன், நிற்கிற மரத்தை வெட்டாமல் காப்பாற்றினாலே போதாதா? 1990-களின் நடுவில் இந்த யோசனையோடு பொலிவியாவுக்குப் போனது அமெரிக்கன் எலக்ட்ரிக் பவர்.

ஓஹியோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்த நிறுவனம், அமெரிக்காவில் மிக அதிகமாக நிலக்கரி எரித்த மின்நிறுவனங்களுள் ஒன்று. கரியமில வாயுவைக் குறைக்கும்படி அப்போது சட்டம் எதுவும் அதைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் என்றாவது சட்டம் வரும் என்று நிர்வாகிகள் எதிர்பார்த்தார்கள். கொதிகலனை மூடினால் போட்ட முதல் போய்விடும். கார்பன் கிரெடிட் மலிவு. ஒரு டன் கரியமில வாயு காற்றில் கலக்காமல் தடுத்தால் ஒரு கிரெடிட். அதை உலகின் எந்த மூலையில் தடுத்தாலும் சரி.

பொலிவியாவின் வடகிழக்கில், பிரேசில் எல்லையோரம் இருக்கிறது நோயல் கெம்ப் மெர்காடோ தேசியப் பூங்கா. அதையொட்டிய காடுகளில் மரம் வெட்டும் உரிமை தனியாரிடம் இருந்தது. அமெரிக்கன் எலக்ட்ரிக் பவர், பசிஃபிகார்ப், பி.பி. ஆகிய நிறுவனங்கள் பணம் போட, நேச்சர் கன்சர்வன்சி அமைப்பும் பொலிவிய அரசும் அந்த உரிமைகளை விலைக்கு வாங்கி முடித்துவைத்தன. பூங்கா ஏறத்தாழ இரண்டு மடங்காகி, 15 லட்சம் ஹெக்டேரைத் தொட்டது. 30 ஆண்டுகளில் கிடைக்கும் கிரெடிட்டில் 51% நிறுவனங்களுக்கு, 49% அரசுக்கு என்பது ஒப்பந்தம்.

காடு பிழைத்தது. அது பெரிய நன்மை. சிக்கல் கணக்கில்தான் வந்தது. இந்தத் திட்டம் வராமல் இருந்திருந்தால் எத்தனை மரம் விழுந்திருக்கும்? நடக்காத ஒன்றை அளக்க முடியாது, ஊகிக்கத்தான் முடியும். இங்கே நின்ற கோடரி பக்கத்துக் காட்டுக்குப் போகவில்லை என்பதற்கு என்ன உறுதி? தொடக்கத்தில் 30 ஆண்டுகளுக்குச் சுமார் 5.5 கோடி டன் மிச்சமாகும் என்றார்கள். மறுபடி கணக்கிட்டபோது அது 58 லட்சம் டன்னாகச் சுருங்கியது. 2005-இல் எஸ்.ஜி.எஸ். நிறுவனம் சரிபார்த்துச் சான்றளித்தது, முதல் எட்டு ஆண்டுகளுக்குச் சுமார் 10 லட்சம் டன்.

அதே காலத்தில் அமெரிக்கன் எலக்ட்ரிக் பவரின் நிலையங்கள் ஆண்டுக்குப் பத்துக் கோடி டன்னுக்கு மேல் கரியமில வாயுவை வெளியேற்றின. அதாவது, அந்தக் காட்டின் முப்பது ஆண்டுச் சேமிப்பு முழுவதும் சேர்ந்தாலும் நிறுவனத்தின் ஒரு மாதப் புகைக்கு ஈடாகாது. 2003-இல் இந்த நிறுவனம் சிகாகோ கிளைமேட் எக்ஸ்சேஞ்ச் என்ற கார்பன் சந்தையில் சேர்ந்து, 2006-க்குள் தன் வெளியேற்றத்தை 4% குறைப்பதாக உறுதி கொடுத்தது. தன் பங்கைக் குறைக்க முடியாத உறுப்பினர் அங்கே கிரெடிட் வாங்கிக்கொள்ள முடிந்தது. அந்தச் சந்தையின் கார்பன் வணிகம் 2010-ஆம் ஆண்டோடு முடிந்தது.

காட்டைக் காக்கப் பணம் கொடுப்பதை வரவேற்போம். ஆனால் அந்தப் பணம் நிலக்கரியை எரித்துக்கொண்டே இருப்பதற்கான அனுமதிச் சீட்டாகக் கூடாது. மின்நிறுவனம் ஒன்று “இலக்கை எட்டிவிட்டோம்” என்று அறிவித்தால், அதில் தன் புகைபோக்கியில் குறைத்தது எத்தனை டன், வெளியே வாங்கியது எத்தனை டன் என்று தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகச் சொன்னால் ஏற்காதீர்கள்.

(தொடரும்)