இரவுப் பழக்கமும் இரத்தத்துச் சர்க்கரையும்

நீரிழிவு என்ற பேச்சு எழுந்தவுடன் அரிசிச் சோற்றையும் இனிப்புப் பண்டங்களையும் குடும்பப் பரம்பரையையும் குற்றம் சொல்லும் நம்மவர்கள், ஒருவன் எத்தனை மணிக்கு உண்டு எத்தனை மணிக்கு உறங்குகிறான் என்பதற்கும் அந்த வியாதிக்கும் சம்பந்தம் உண்டு என்றால் எளிதில் நம்புவதில்லை. அவர்கள் அறியவேண்டிய ஆராய்ச்சி ஒன்று 1999ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

சிக்காகோ சர்வகலாசாலையில் கரீன் ஸ்பீகல், ஈவ் வான் காட்டர் முதலிய விஞ்ஞானிகள், தேக ஆரோக்கியமுள்ள 11 வாலிபர்களை அழைத்து, முதல் 3 இரவுகள் 8 மணி நேரமும், அடுத்த 6 இரவுகள் 4 மணி நேரமும், அதன்பின் 7 இரவுகள் 12 மணி நேரமும் படுக்கையில் இருக்கச் செய்து, இடையிடையே அவர்கள் இரத்தத்தைச் சோதித்தார்கள். நாளத்தின் வழியே செலுத்திய குளூக்கோஸை, ஆற உறங்கியபின் அப்புறப்படுத்திய வேகத்தைவிட, அரைகுறையாக உறங்கிய காலத்தில் அவர்கள் சரீரம் ஏறக்குறைய 40 சதவிகிதம் மந்தமாகவே அப்புறப்படுத்திற்று. மாலை வேளையில் தணிந்திருக்க வேண்டிய கார்ட்டிசால் என்னும் சுரப்பும் உயர்ந்து நின்றது. அவர்கள் முதியவர்களுமல்லர், நோயாளிகளுமல்லர் என்பதே இதில் விசேஷம். பதினொருவரை வைத்து உலகத்துக்கே விதி செய்யலாமா என்று கேட்பது நியாயந்தான். ஆனால் பிற்காலத்தில் வேறு ஆய்வுக்கூடங்களில் நடந்த பரீட்சைகளும், தூக்கக் குறைவால் இன்சுலினின் பலன் குன்றுகிறது என்றே காட்டின.

அதே குழுவினர் 2004இல் 12 வாலிபர்களை இரண்டிரண்டு இரவுகள் குறைத்தும் நிறைத்தும் உறங்கவைத்துப் பார்த்தபோது, உறக்கம் குறைந்த சமயத்தில், 'போதும்' என்று மூளைக்கு அறிவிக்கும் லெப்டின் 18 சதவிகிதம் தாழ்ந்து, பசியைக் கிளப்பும் கிரெலின் 28 சதவிகிதம் உயர்ந்திருந்தது. பசி அதிகரித்தது மட்டுமன்று, இனிப்பின்மீதும் உப்புக்கார நொறுக்குத் தீனியின்மீதும் ஆசை குறிப்பாக வளர்ந்தது. நள்ளிரவில் மிக்சர் டப்பாவைத் தேடுபவரைத் திடசித்தமில்லாதவர் என்று ஏசுவோர் இதைக் கவனிக்கவேண்டும்.

உறங்கும் அளவைப்போலவே உண்ணும் வேளையும் முக்கியம். கண்ணிலிருந்து வரும் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, மூளையில் அமைந்துள்ள சிறு உயிரணுத்திரள் ஒன்று வெளிச்சத்தைக் கொண்டு சரீரத்தின் காலக்கணக்கை நிர்ணயிக்கிறது. கல்லீரலுக்கும் கணையத்துக்கும் தனித்தனிக் கடிகாரங்கள் உண்டு. அவற்றைத் திருத்துவதில் ஆகாரத்துக்குப் பெரும் பங்குண்டு. இருட்டியபின் சுரக்கும் மெலட்டோனின், உறக்கத்துக்கு உடலை ஆயத்தப்படுத்துகையில் கணையத்தின் இன்சுலின் சுரப்பையும் தணிக்கிறது. ஆகையால், காலையில் உண்டால் எளிதாகச் செரித்து அடங்கும் அதே உணவு, படுக்கப்போகும் வேளையில் உண்டால் இரத்தத்தில் சர்க்கரையை அதிகமாக ஏற்றி நெடுநேரம் நிறுத்திவிடுகிறது. கைபேசியின் ஒளியோ மெலட்டோனினையும் பின்தள்ளி, உறக்கத்தையும் தாமதப்படுத்துகிறது.

நம் பாட்டன்மார் விளக்கு வைத்த சிறிது நேரத்தில் உண்டு படுத்ததைச் சாஸ்திர ஞானம் என்று கொண்டாட வேண்டியதில்லை. மண்ணெண்ணெயின் விலைக்கும் அதில் பங்குண்டு. காரணம் எதுவாயினும் பழக்கம் நல்லது. ஒன்பதரை மணித் தொலைக்காட்சித் தொடர் முடிந்தபின் பரோட்டாவும் குருமாவும் உண்டு உடனே சாயும் இன்றைய வழக்கத்தை மாற்றிக்கொள்வது பலருக்கும் இயலக்கூடியதே. இராத்திரி வேலை பார்க்கும் தாதியரும் ஆலைத் தொழிலாளரும் லாரி ஓட்டுநரும் அவ்விதம் செய்ய முடியாது. அவர்களுக்கு உபதேசம் செய்வதைவிட, முதலாளிமார் வேலை முறையைச் சீர்திருத்துவதே தகும்.

நீரிழிவுக்கு மருந்துண்போர் தாமாக மாத்திரை வேளையையோ இரவு உணவையோ மாற்றலாகாது. சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடக்கூடும். வைத்தியரிடம் செல்லும்போது, படுக்கும் நேரத்தையும், உரத்த குறட்டையோ உறக்கத்தில் மூச்சுத் தடையோ இருந்தால் அதனையும், அவர் கேளாவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.