கால் தமனியை அடைப்பது எது?

கால்களுக்கு ரத்தம் கொண்டுசெல்லும் தமனிகள் படிப்படியாகச் சுருங்கி அடைபடும் நோய், 2015-ஆம் ஆண்டுக் கணக்கின்படி உலகெங்கும் 25 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ 23.6 கோடிப் பேரைப் பீடித்திருந்தது. இதன் கடுமையை மருத்துவ உலகம் நெடுங்காலமாக இரண்டு அளவுகோல்களைக் கொண்டே மதிப்பிட்டு வந்திருக்கிறது: குழாய் எத்தனை சதவீதம் சுருங்கியிருக்கிறது என்பது ஒன்று, நோயாளிக்கு என்ன தொல்லை இருக்கிறது என்பது மற்றொன்று. பிரெஞ்சு அறுவை மருத்துவர் ரெனே ஃபொன்டேன் 1954-இல் வகுத்த நான்கு படிநிலைகள், அறிகுறியே இல்லாத நிலையில் தொடங்கி, நடக்கும்போது கெண்டைக்காலில் எழுந்து நின்றதும் தணியும் வலி, படுத்திருக்கும்போதும் விடாத வலி என வளர்ந்து, ஆறாப் புண்ணிலும் திசு அழுகலிலும் முடிகின்றன. இவையும் இவற்றோடு பெரிதும் ஒத்த ரூதர்ஃபோர்டு வகைப்பாடும் நோயாளியின் நிலையைச் சொல்கின்றனவே தவிர, குழாயை அடைத்துக்கொண்டிருக்கும் பொருள் எது என்பதைச் சொல்வதில்லை. அது கொழுப்பா, நாரா, சுண்ணாம்பா, உறைந்த ரத்தமா என்பதைப் பொறுத்து நோயின் போக்கும், பரிசோதனையின் நம்பகத்தன்மையும், சிகிச்சையின் பலனும் மாறுகின்றன என்பது கடந்த இருபது ஆண்டுகளில் நடந்த ஆய்வுகளால் தெளிவாகி வருகிறது.

தமனியின் சுவரில் மூன்று படலங்கள் உள்ளன. ரத்தத்தைத் தொட்டுக்கொண்டிருப்பது மெல்லிய உட்படலம். சுருங்கி விரியும் தசைச் செல்கள் நிறைந்தது நடுப்படலம். இரண்டையும் போர்த்தியிருப்பது வெளிப்படலம். தமனித்தடிப்பு எனப்படும் கோளாறு உட்படலத்தில் தொடங்குகிறது. எல்டிஎல் கொலஸ்ட்ரால் துகள்கள் அதற்குள் புகுந்து தங்க, அவற்றை விழுங்க வரும் வெள்ளணுக்கள் கொழுப்பு நிரம்பி அங்கேயே மடிய, இறந்த செல்களும் கொழுப்பும் கலந்த குழைவான உள்ளீடு ஒன்று உருவாகிறது. அதன்மேல் நார்த்திசுவாலான மூடி வளர்கிறது. காலப்போக்கில் கால்சியம் உப்புகளும் படிகின்றன. மருத்துவர்கள் பிளேக் என்று அழைக்கும் படிவு இதுதான். இதயத் தமனிகளில் இந்த மூடி கிழிந்து, உள்ளீடு ரத்தத்தோடு கலந்து, அந்த இடத்தில் ரத்தம் உறைந்துவிடுவதே மாரடைப்புகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம்.

இதயத்தைப் பற்றிய இந்த விளக்கத்தை அப்படியே காலுக்கும் பொருத்திப் பார்க்கும் வழக்கம் நெடுநாள் இருந்தது. ஆனால் அது முழுமையாகப் பொருந்தவில்லை. அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்ட படிவுகளை நுண்ணோக்கியில் ஒப்பிட்ட பிரான்ஸின் நான்ட் நகர ஆய்வாளர்கள், மூளைக்குச் செல்லும் கழுத்துத் தமனியின் படிவுகளில் கொழுப்பு மிகுந்திருப்பதையும், தொடைத் தமனியின் படிவுகளில் நாரும் கால்சியமும் மேலோங்கியிருப்பதையும், பின்னவற்றில் எலும்பை ஒத்த திசுவே கூட அடிக்கடி காணப்படுவதையும் 2011-இல் தெரிவித்தனர். ஒரே உடலில், ஒரே ரத்தம் ஓடும் குழாய்களில், இடத்துக்கு இடம் படிவின் தன்மை இவ்வளவு வேறுபடுகிறது. தொடைத் தமனி தசைகளுக்கு நடுவே குறுகிய பாதையொன்றின் வழியாகச் சென்று, ஒவ்வோர் அடிவைப்பிலும் வளைந்தும் முறுக்கப்பட்டும் நீண்டும் இயங்குவது இதற்கு ஓரளவு பங்களிக்கிறது என்று கருதப்படுகிறது.

கால்சியம் எந்தப் படலத்தில் படிகிறது என்பதுதான் இந்நோயில் மிகவும் கவனிக்கத்தக்க செய்தி. உட்படலத்தில் படிவது, மேலே சொன்ன கொழுப்புப் படிவின் முதிர்ந்த நிலை. ஜெர்மானிய நோய்க்குறியியலாளர் யோஹான் கேயோர்க் மோன்கபெர்க் 1903-இல் விவரித்தது வேறொன்று: கொழுப்போடு தொடர்பில்லாமல் நடுப்படலத்தின் தசைச் செல்களுக்கு இடையே வளையம் வளையமாகப் படியும் கால்சியம். இது குழாயின் உள்வெளியை நேரடியாக அடைப்பதில்லை என்பதால் தீங்கற்ற முதுமைக் குறியாகவே பல காலம் கொள்ளப்பட்டது. நீரிழிவு உள்ளவர்களிடமும் நாட்பட்ட சிறுநீரக நோயாளிகளிடமும், குறிப்பாக முழங்காலுக்குக் கீழுள்ள சிறு தமனிகளில் இது மிகுதியாகக் காணப்படுகிறது. தமனியின் நெகிழ்ச்சியைப் பறித்து அதை விறைத்த குழாயாக்கிவிடுகிறது.

விறைப்பின் முதல் விளைவு பரிசோதனையிலேயே தெரிகிறது. கால் தமனி நோயைக் கண்டறிய உலகெங்கும் பயன்படும் எளிய முறை, கணுக்காலில் எடுத்த ரத்த அழுத்தத்தைக் கையில் எடுத்த அழுத்தத்தால் வகுப்பதாகும். கையில் 130, கணுக்காலில் 91 என்றால் விகிதம் 0.7 ஆகும்; இது 0.9 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் நோய் உண்டு என்பது விதி. ஆனால் நடுப்படலம் கால்சியத்தால் இறுகிவிட்ட தமனியைக் காற்றுப்பட்டையால் அமுக்க முடியாது என்பதால், கணுக்கால் அழுத்தம் உண்மையைவிடக் கூடுதலாகப் பதிவாகிறது. 1.4-ஐத் தாண்டிய விகிதம் இந்தக் குறையை வெளிப்படையாகக் காட்டிவிடும்; நோயாளியைப் பெரிதும் ஏமாற்றுவது, அடைப்பும் விறைப்பும் ஒன்றையொன்று ஈடுகட்டி, விகிதம் இயல்பான எல்லைக்குள் வந்து நின்றுவிடும் நிலைதான். கால்விரல்களின் சிறு தமனிகளை இந்தக் கால்சியம் பெரும்பாலும் விட்டுவைப்பதால், ஐயம் எழும்போது விரலில் அழுத்தம் அளக்கப்படுகிறது. சென்னை நகர்ப்புற மக்கள் ஆய்வு 2000-இல் வெளியிட்ட முடிவில், பரிசோதிக்கப்பட்டோரில் 3.2 சதவீதத்தினருக்கும், அவர்களுள் நீரிழிவு உள்ளவர்களில் 6.3 சதவீதத்தினருக்கும் இந்நோய் இருந்தது. கணுக்கால் அளவையின் மேற்சொன்ன இயல்பைக் கருதினால், நீரிழிவு உள்ளவர்களிடையே உண்மை விகிதம் இதைவிடக் கூடுதலாக இருந்திருக்க வாய்ப்புண்டு.

நோயின் மிகக் கடுமையான நிலையில் தமனிக்குள் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு, ஜகத் நருலாவும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு எதிர்பாராத விடையைத் தந்தது. பெரும்பாலும் ரத்த ஓட்டமின்மையால் துண்டிக்கப்பட்ட கால்களிலிருந்து 239 தமனிகளை எடுத்துப் பரிசோதித்தபோது, 70 சதவீதத்துக்கும் மேல் அடைபட்டிருந்த தமனிகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கில் உறைந்த ரத்தம் காணப்பட்டது. முழங்காலுக்குக் கீழே, அத்தகைய தமனிகள் பலவற்றில் குறிப்பிடத்தக்க கொழுப்புப் படிவே இருக்கவில்லை. நடுப்படலக் கால்சியமோ மொத்தத் தமனிகளில் பத்தில் ஏழில் இருந்தது. படிவு கிழிவதற்கே வழியில்லாத இடத்தில் ரத்தம் ஏன் உறைகிறது என்பது இன்னும் விவாதத்துக்குரியது; மேலிருந்து அடித்துவரப்பட்ட உறைவுத் துணுக்குகள் ஒரு காரணமாகலாம், ஓட்டம் மந்தமானதால் அங்கேயே உறைவது மற்றொன்றாகலாம். அமெரிக்கப் படைத்துறை முன்னாள் வீரர்களின் மரபணுத் தரவுகளைக் கொண்டு 2019-இல் வெளியான ஆய்வும் இதே திசையைக் காட்டியது: ரத்தம் எளிதில் உறையச் செய்யும் ஃபேக்டர் ஃபைவ் லைடன் என்ற மரபணு மாற்றம் கால் தமனி நோயோடு தொடர்புகொண்டிருந்தது, இதயத் தமனி நோயோடு அத்தகைய தொடர்பு காணப்படவில்லை.

குழாய்ச் சுருக்கத்தை அளக்கும் சதவீதக் கணக்குக்கு வேறொரு குறையும் உண்டு. உட்படலத்தில் படிவு வளரும்போது இதயத் தமனி முதலில் வெளிப்புறமாக விரிந்து இடம் கொடுக்கிறது என்பதையும், படிவு குழாய்ப் பரப்பில் ஏறத்தாழ 40 சதவீதத்தை எட்டும்வரை உள்வெளி குறைவதில்லை என்பதையும் சிகாகோவின் சீமோர் கிளாகோவ் 1987-இல் காட்டினார். தொடைத் தமனி இந்த விதிக்கு எப்போதும் கட்டுப்படுவதில்லை. சில இடங்களில் அது விரிவதற்கு மாறாகச் சுருங்கி, சிறிய படிவையே பெரிய அடைப்பாக்கிவிடுகிறது என்று நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகர ஆய்வாளர்கள் 1995-இல் கண்டனர். ஆகவே, குழாயின் உள்வெளியை மட்டும் காட்டும் ஆஞ்சியோகிராமில் ஒரே அளவு சுருக்கம் காட்டும் இரு தமனிகளில் ஒன்றில் படிவு ஏராளமாகவும் மற்றொன்றில் சொற்பமாகவும் இருக்கக்கூடும். காந்த அதிர்வுப் படமெடுப்பு சுவரையே காட்டுவதால் இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்கிறது. ஆய்வாளர் மேரி மெக்டெர்மாட் குழுவினர் அதைப் பயன்படுத்தி, தொடைத் தமனியில் படிவு மிகுந்தவர்களின் நடைத்திறன் குறைந்திருப்பதை 2011-இல் பதிவுசெய்தனர்.

சிகிச்சை அறையில் இந்த வேறுபாடுகள் ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை. நாரும் கொழுப்பும் சேர்ந்த படிவு, அடைப்பை விரிக்கத் தமனிக்குள் செலுத்தும் பலூனின் அழுத்தத்துக்கு இணங்கிவிடும். சுற்றிவளைத்த கால்சியமோ இணங்காது. வலிந்து விரித்தால் சுவர் கிழியும், குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் முழுமையாக விரியாது, பலூனில் பூசிய பாக்ளிடாக்செல் மருந்தும் சுவருக்குள் சரிவர இறங்காது. சிறுநீரகக் கல்லை உடைக்கும் முறையைத் தழுவி, பலூனுக்குள் மின்பொறியால் அழுத்த அலைகளை எழுப்பிக் கால்சியத்தில் விரிசல் உண்டாக்கிய பிறகு குழாயை விரிக்கும் உத்தி அண்மைக்காலத்தில் புழக்கத்துக்கு வந்தது இதனால்தான். ரத்த உறைவின் பங்கு தெளிவானதும் மருந்துச் சீட்டும் மாறியது: அடைப்பு நீக்கும் சிகிச்சை பெற்ற 6,500-க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2020-இல் வெளியான வாயேஜர் ஆய்வில், ஆஸ்பிரினோடு நாளுக்கு இருமுறை 2.5 மில்லிகிராம் ரிவராக்சபான் என்ற உறைவுத் தடுப்பு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தபோது, காலுக்குத் திடீரென ரத்தம் நின்றுபோதல், கால் துண்டிப்பு, மாரடைப்பு, மூளைத் தாக்கு, இதயநோய் மரணம் ஆகியவற்றின் கூட்டு எண்ணிக்கை 15 சதவீதம் குறைந்தது. ரத்தக்கசிவு சற்றுக் கூடியது என்பதால் இது எல்லோருக்குமான மருந்தன்று.

இத்தனைக்குப் பிறகும், படிவைத் தொடாமலேயே பலன் தரும் ஒரு சிகிச்சை உண்டு. நடந்தால் கால் வலிக்கும் நிலையில் உள்ளவர்கள், மேற்பார்வையின் கீழ் வாரத்துக்கு மூன்று முறை, 30 முதல் 60 நிமிடங்கள், வலி வரும்வரை நடந்து, நின்று, மீண்டும் நடந்து, 12 வாரங்கள் பயிற்சி செய்தால், வலியின்றி நடக்கும் தூரம் குறிப்பிடத்தக்க அளவு கூடுகிறது. கணுக்கால் விகிதமோ பெரும்பாலும் பழைய இடத்திலேயே நிற்கிறது. தசைகள் கிடைக்கும் ரத்தத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தப் பழகுவதே இதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது.