பாவனைப் பயனாளி

பாவனைப் பயனாளி என்பவர், சமூகப்பணி மாணவர்கள் நேர்காணல், உளவளத்துணை ஆகிய திறன்களைப் பழகுவதற்காக, உதவி நாடி வருபவராக நடிக்கப் பயிற்றுவிக்கப்பட்டவர் ஆவார். அனுபவமற்ற மாணவரின் தவறான ஒரு சொல் துயரில் இருப்பவரைப் புண்படுத்தக்கூடும். அத்தவறை வகுப்பறையிலேயே கண்டு திருத்துவது இம்முறையின் நோக்கமாகும்.

வரலாறு

இம்முறை மருத்துவக் கல்வியில் தோன்றியது. 1963 இல் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் நரம்பியல் மருத்துவர் ஹவார்டு பேரோஸ், நோயாளியாக நடிப்பவரைக் கொண்டு மாணவர்களை மதிப்பிட்டார். பிற்காலத்தில் கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் மரியன் போகோ குழுவினர் இதனைச் சமூகப்பணித் தேர்வுகளுக்கு ஏற்ப அமைத்தனர்.

செயல்முறை

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் வாழ்க்கைப் பின்னணியும், அவர் மறைக்கும் செய்தியும், அது வெளிப்படும் தருணமும் முன்பே எழுதப்படுகின்றன. பின்னணி வட்டாரத்துக்குப் பொருந்த வேண்டும். எடுத்துக்காட்டாக, அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக்கான பாத்திரம், மழை பொய்த்த மானாவாரி நிலமும் வட்டிக்கடனும் உடைய பெண்ணாக அமையலாம். மாமியாரின் முதியோர் உதவித்தொகை பற்றிக் கேட்கவே அவர் வருகிறார். மகளின் படிப்பை நிறுத்திவிட்டதை, மாணவர் பொறுமையுடன் செவிமடுத்தால் மட்டுமே கூறுவார். உடனே விண்ணப்பப் படிவத்தை நீட்டும் மாணவருக்கு அச்செய்தி கிடைக்காது.

நேர்காணல் முடிந்ததும் நடித்தவர் பாத்திரத்திலிருந்து விலகி, எவ்விடத்தில் மனம்விட்டுப் பேசத் தோன்றியது, எவ்விடத்தில் தயக்கம் ஏற்பட்டது என்பதை மாணவரிடம் எடுத்துரைப்பார். உண்மையான பயனாளியிடம் இதனை எதிர்பார்க்க இயலாது.

வரம்புகள்

நடிப்போருக்குப் பயிற்சியும் ஊதியமும் தேவைப்படுவதால் செலவு மிகும். துயரப் பாத்திரங்களைத் திரும்பத் திரும்ப நடிப்பது அவர்களுக்கு மனச்சோர்வு தரலாம். இந்தியச் சமூகப்பணிக் கல்வியில் களப்பணி இன்றியமையாதது. பாவனை நேர்காணல் அதற்கு மாற்றன்று, முந்தைய படியாகும்.