பிணைமானின் அரை நொடி

வில்பத்துக் காட்டின் வடக்கெல்லையில் ஓடுவது மோதரகம் ஆறு. அதைத் தாண்டினால் முசலிப் பக்கத்து ஊர்கள், சிலாவத்துறை, அரிப்பு, அப்பால் மன்னார்க் கடல். ஒரு பங்குனி மாத மாலையில் அந்தக் காட்டுக்குள் ஒரு வில்லின் ஓரமாக ஜீப்பை நிறுத்தி, இயந்திரத்தை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம். மணல்மேடு சூழ்ந்த பள்ளத்தில் மழைநீர் தேங்கிக் குளம்போல் கிடப்பதை அங்கே வில்லு என்கிறார்கள். தமிழ்க் காதுக்கு அந்தப் பெயர் வேறொரு பொருளையும் சொல்லும். அன்று நான் நினைத்துக்கொண்டிருந்ததும் அந்த வில்லைத்தான்.

வீரை மரங்களின் நிழலிலிருந்து புள்ளிமான்கள் வந்தன. முன்னால் வருவது கொம்புள்ள கலைமான் என்று எதிர்பார்த்திருந்தால் ஏமாந்திருப்பேன். வந்தது ஒரு கிழப்பிணை. இடது காதின் நுனி கிழிந்திருந்தது. நிழல் முடிந்து வெயில் தொடங்கும் கோட்டில் நின்றுவிட்டாள். பின்னால் வந்த கன்றுகளும் இளம்பிணைகளும் அங்கேயே நின்றன. தலை குனிந்து புல்லைத் தொட்டவள், அடுத்த கணமே வெடுக்கென்று நிமிர்ந்து எங்களைப் பார்த்தாள். மறுபடி குனிந்தாள், மறுபடி நிமிர்ந்தாள்.

“அவள் மேயேல்லை தம்பி, பாசாங்கு. அசையாமல் இருங்கோ” என்றார் வழிகாட்டி, உதடு அசையாமல்.

என் சட்டைப் பையில் கைபேசி ஒருமுறை அதிர்ந்தது. எனக்கே சரியாகக் கேட்காத ஒலி அது. கிழிந்த காது மட்டும் என் பக்கம் திரும்பியது. மற்றக் காது காட்டையே பார்த்திருந்தது. பிறகு முன்னங்காலை உயர்த்தி நிலத்தில் ஓங்கி ஒருமுறை தட்டினாள். கூட்டம் முழுவதும் சிலையானது.

இப்படிப்பட்ட ஒருத்தியை வில்லோடு நெருங்க நினைப்பவன் முதலில் காற்றிடம் தோற்கிறான். மானின் ஈரமூக்கு காற்றில் மிதந்து வரும் மணத்துகளைப் பிடித்துத் தங்கவைக்கும். மனித வியர்வையின் வாடை அதற்கு எச்சரிக்கை மணி. ஆனி, ஆடியில் சோளகம் ஒரே திசையில் ஓயாமல் அடிக்கும். அப்போதாவது வேடன் காற்றுக்கு எதிர்முகமாக நடக்கலாம். பங்குனி, சித்திரையில் அந்த நிச்சயம் இல்லை. பகலில் நிலம் சூடேறக் கடற்காற்று மேற்கிலிருந்து உள்ளே வரும். பொழுது சாய நிலம் குளிர்ந்து, காற்று மெல்லத் தணிந்து, இரவில் தரையிலிருந்து கடலுக்குத் திரும்பும். இந்த இரண்டுக்கும் நடுவே காற்று திசை இல்லாமல் சுழலும் ஒரு சிறுபொழுது உண்டு. மான் தண்ணீருக்கு வருவதும் பெரும்பாலும் அதே நேரத்தில்தான். ஒரு மணிநேரம் ஊர்ந்து சேர்ந்த வேடனின் உழைப்பை ஒரு சுழி கெடுத்துவிடும்.

கண்ணைப் பொறுத்தவரை மானுக்கு நம்மைவிட ஒரு குறை உண்டு. நிறம் காணும் கூம்பு உயிரணுக்கள் நமக்கு மூன்று வகை, மானுக்கு இரண்டு. சிவப்பும் செம்மஞ்சளும் அதற்கு மங்கிப்போகும். நீலச் சாரம் கட்டிப் போனால் பளிச்சென்று தெரியும். ஆனால் தலையின் பக்கவாட்டில் அமைந்த கண்களும் கிடைமட்டமான கருமணியும் ஏறக்குறைய முழுவட்டத்தையும் ஒரே சமயத்தில் காட்டுகின்றன. அந்தியில் விழித்திரைக்குப் பின்னாலுள்ள பளபளப்பான படலம் கிடைத்த ஒளியை இன்னொருமுறை பயன்படுத்திக்கொள்கிறது. அசையாத மனிதனை மான் தவறவிடலாம். அசைந்தவனைத் தவறவிடாது. வில்லை நாணேற்றி இழுப்பதும் ஓர் அசைவுதானே.

இனி அந்த அரை நொடிக்கு வருவோம். காற்று ஒத்துழைத்து, கண்ணும் ஏமாந்து, வேடன் 30 மீற்றர் தூரத்துக்கு வந்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். மரத்தால் செய்த பழைய வில்லிலிருந்து அம்பு நொடிக்கு ஏறத்தாழ 50 மீற்றர் வேகத்தில் போகும். மானை அடைய 0.6 நொடி. நாண் அதிரும் ஒலியோ நொடிக்கு 340 மீற்றருக்கு மேல் ஓடி, 0.1 நொடிக்குள் அதன் காதில் விழுந்துவிடும். மிஞ்சுவது அரை நொடி. திடுக்கிட்டுத் தசைகள் இயங்க 0.2 நொடி போனாலும் இன்னும் 0.3 நொடி கையில் இருக்கிறது. பாய்வதற்கு முன் மான் கால்களை மடக்கி உடலைத் தாழ்த்தவேண்டும். புவியீர்ப்பு மட்டுமே இழுத்தாலும் 0.3 நொடியில் ஓர் உடல் 40 சென்ரிமீற்றருக்கு மேல் கீழே இறங்கும். நெஞ்சுக்குக் குறிவைத்த அம்பு முதுகுக்கு மேலே பறந்து போகும். மான் அம்பைப் பார்த்து ஒதுங்கவில்லை. ஒலிக்குத் திடுக்கிட்டு ஓடத் தயாரானதே அதைக் காப்பாற்றிவிட்டது.

இதே கணக்கைப் பத்து மீற்றருக்குப் போட்டால், ஒலி கேட்டபின் மானுக்கு மிஞ்சுவது 0.2 நொடியும் இல்லை. அதனால் பழைய வேடர்களுக்கு வில்வித்தையைவிட ஊர்ந்து நெருங்கும் வித்தைதான் முக்கியமாக இருந்திருக்க வேண்டும் என்று நம்புகிறேன். இன்றைய கப்பி வைத்த வில்கள் அம்பை நொடிக்கு 90 மீற்றர் வரை செலுத்துவதால் அந்த இடைவெளி சுருங்கிவிட்டது. ஆனாலும் ஏற்கெனவே சந்தேகப்பட்டு விறைத்து நிற்கும் பிணையிடம் அவையும் தவறுவது உண்டு.

சந்தேகம் என்ற சொல்லைத் தெரிந்தேதான் எழுதுகிறேன். கனடாவின் அல்பேர்ட்டாவில் எல்க் என்னும் பெரிய மானினத்தின் பெண்விலங்குகள் 49க்குச் செய்மதிக் கழுத்துப்பட்டி கட்டி ஆராய்ந்தார்கள். முடிவு 2017இல் வெளிவந்தது. வயது ஏற ஏற அவை நடமாட்டத்தைக் குறைத்துக்கொண்டன. வீதிக்கு அருகே வந்தால் அடர்காட்டையும் செங்குத்தான சரிவையும் நாடின. வில்வேட்டைக் காலத்திலும் துப்பாக்கி வேட்டைக் காலத்திலும் வெவ்வேறு விதமாக நடந்துகொண்டன. பத்து வயதைத் தாண்டியவை வேட்டைக்காரர் கையில் ஏறக்குறைய அகப்படுவதே இல்லை. எளிதில் மாட்டிக்கொள்பவை இளமையிலேயே செத்துப்போகின்றன என்பது பாதிக் காரணம். ஒரே விலங்கு ஆண்டுக்கு ஆண்டு தன் நடத்தையை மாற்றிக்கொண்டதையும் அவர்கள் கண்டார்கள். அதாவது, கற்றுக்கொள்கிறது.

மன்னார்க் காட்டில் அந்தக் கல்விக்கு ஆசிரியன் சிறுத்தை. இலங்கையில் வேங்கைப்புலி கிடையாது. புள்ளிமானுக்குப் பெரும்பகை சிறுத்தையே. பிணைக்கு உதவியாளர்களும் உண்டு. பாலை மரத்தில் மந்திகள் பழம் தின்னும்போது கீழே சிந்துவதை மான்கள் பொறுக்கும், மந்தி குரல் கொடுத்தால் ஓடும். இந்தியாவின் கன்ஹா காட்டில் இந்த உறவை போல் நியூட்டன் விரிவாக ஆராய்ந்து 1989இல் எழுதினார். தண்ணீர்க்கரையில் ஆட்காட்டிக்குருவி. பெயரை வைத்தவர்கள் காட்டைத் தெரிந்தவர்கள்.

இந்தக் கரையோரத்துக்கும் வில்லுக்கும் எழுத்தில் பதிந்த ஒரு தொடர்பு உண்டு. 1660இல் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்ட ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், ஏறத்தாழ இருபது ஆண்டு கழித்து, 1679 ஒக்ரோபரில் தோழர் ஒருவருடன் தப்பி, மல்வத்து ஓயாவின் கரையோடு காட்டைக் கடந்து அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். நாம் அருவி ஆறு என்று சொல்வது அதே ஆற்றைத்தான். 1681இல் இலண்டனில் வெளிவந்த தன் நூலில் அவர் வேடர்களைப் பற்றியும் எழுதினார். அம்புமுனை வேண்டுமென்றால் இரவில் கொல்லனின் பட்டறையில் இறைச்சியையும், வேண்டிய வடிவத்தில் வெட்டிய இலையையும் தொங்கவிட்டுப் போவார்களாம். மரப்பொந்தில் தேனை ஊற்றி, இறைச்சியை நிரப்பி, களிமண்ணால் அடைத்துச் சேமிப்பார்களாம். ஒரு மானைக் கொல்வது எவ்வளவு அரிதாக இருந்தால் அதன் இறைச்சியைத் தேனில் காப்பாற்றத் தோன்றும்!

இன்று இலங்கையில் மானைக் கொல்வதும் அதன் இறைச்சியை விற்பதும் குற்றம். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. வில்பத்து 1938 முதல் தேசியப் பூங்கா. இருந்தும் மான் சாகிறது, கட்டுத்துவக்கிலும், மோட்டார்சைக்கிளின் கிளச் வயரில் செய்த கண்ணியிலும். எனக்கு நெஞ்சு கொதிப்பது கண்ணியைப் பற்றித்தான். அதற்கு நாண் இல்லை, ஒலி இல்லை. வைத்தவனின் வாடை ஒரு மழையில் போய்விடும். வைத்தவன் வீட்டில் தூங்கும்போது அது வேலை செய்யும். மான்கள் ஒற்றைத் தடத்தில் வரிசையாகப் போகும் வழியில் அதைக் கட்டினால், யார் கழுத்து முதலில் மாட்டும்? முன்னால் நடப்பவளின் கழுத்து. எந்தக் குளம் எந்த மாதத்தில் வற்றும், எந்தப் புதரில் சிறுத்தை பதுங்கும் என்று பத்து வருடமாகப் படித்தவள் போனால், பின்னால் நிற்கும் இளம்பிணைகள் அதையெல்லாம் யாரைப் பார்த்துப் படிக்கும்?

அன்று மாலை கடற்காற்று ஓய்ந்தது. என் முகத்தில் பட்டுக்கொண்டிருந்த ஈரம் திடீரென்று நின்றது. சிறிது நேரத்தில் பிடரியில் மெல்லிய குளிர். காற்று இப்போது எங்களைத் தாண்டி அவள் பக்கம் போய்க்கொண்டிருந்தது. கிழப்பிணை மூக்கை ஒருமுறை உயர்த்தினாள். வால் நிமிர்ந்தது, அடியிலிருந்த வெள்ளை தெரிந்தது. கீச்சென்று ஒரு குரல். கூட்டம் முழுவதும் வீரை மரங்களுக்குள் மறைந்தபின்னும் அவள் மட்டும் நிழலின் கோட்டில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசிக் கன்று உள்ளே போனதும் திரும்பி நடந்தாள், ஓடவில்லை. தண்ணீரை அன்று ஒரு மானும் குடிக்கவில்லை.