யாருக்கும் சந்தேகம் வராத மாரடைப்பு

1964-ல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மாரடைப்பு பற்றிப் பெண்களுக்கென்றே ஒரு மாநாடு கூட்டினார்கள். தலைப்பு: ‘இதயங்களும் கணவர்களும்’. புருஷனின் இதயத்தைப் பெண்டாட்டி எப்படிக் காப்பாற்றுவது என்பதுதான் அங்கே பாடம். மாரடைப்பு ஆண்களின் நோய் என்று மருத்துவ உலகமே நம்பிய காலம் அது. 2019-ல் உலகில் இறந்த பெண்களில் 35 சதவிகிதம் பேரைக் கொண்டுபோனது இதய, ரத்தக்குழாய் நோய்கள் என்கிறது லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம். பழைய நம்பிக்கை பொய் என்பது இன்று எல்லா மருத்துவர்களுக்கும் தெரியும். ஆனாலும் ஒரு பெண் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தால், இதயமாக இருக்குமோ என்ற சந்தேகம் தாமதமாகவே வருகிறது. அந்தச் சந்தேகம் வந்தால்தான் சிகிச்சை தொடங்கும் என்ற ஏற்பாடு நீடிக்கும்வரை, பெண்களுக்கு இந்த இழப்பு தீராது.

சந்தேகம் ஏன் வருவதில்லை? மருத்துவர்களின் மனக்கோணல் என்று சொல்லிவிட முடியாது. அவர்கள் படித்த ஆதாரமே அப்படித்தான் உருவானது. 1948-ல் தொடங்கிய ஃபிரேமிங்ஹாம் ஆய்வில் இருந்த 5,209 பேரில் பாதிக்கு மேல் பெண்கள். நெஞ்சுவலி வந்த ஆண்களுக்கு அடுத்து மாரடைப்பு வந்த அளவுக்குப் பெண்களுக்கு வரவில்லை என்று அதன் தொடக்கக்கால முடிவுகள் காட்டின. பெண்ணின் நெஞ்சுவலி ஆபத்தில்லாதது என்ற எண்ணம் அதோடு வேரூன்றியது. ஆஸ்பிரின் மாரடைப்பைத் தடுக்குமா என்று பார்த்த பெரிய அமெரிக்க ஆய்வில் 22,071 டாக்டர்கள். அத்தனை பேரும் ஆண்கள். மாரடைப்பு 44 சதவிகிதம் குறைந்தது என்று 1989-ல் அறிவித்தார்கள். ஏறத்தாழ 40,000 பெண்களை வைத்து அதே கேள்விக்கு விடை கிடைத்தது 2005-ல்தான். பக்கவாதம் குறைந்திருந்தது, மாரடைப்பு மொத்தத்தில் குறையவில்லை. இதற்கிடையே 1991-ல், அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களின் முதல் பெண் இயக்குநரும் இதய மருத்துவருமான பெர்னடின் ஹீலி ஒரு மருத்துவ இதழில் தலையங்கம் எழுதினார். இதய நோயோடு வரும் பெண்களுக்கு ஆஞ்சியோகிராமும் பைபாஸும் ஆண்களைவிடக் குறைவாகவே செய்யப்படுகின்றன என்று அந்த இதழிலேயே வந்த ஆய்வுகள் சொல்லின. தன் நோயும் ஆணின் நோயைப் போன்றதுதான் என்று நிரூபித்த பிறகே பெண்ணுக்கு ஆணுக்குரிய சிகிச்சை கிடைக்கிறது என்றார் ஹீலி.

இதற்குப் பதிலாகச் சொல்லப்படும் காரணங்களில் உண்மை இல்லாமல் இல்லை. பெண்ணுக்கு மாரடைப்பு தாமதமாக வருகிறது என்பார்கள். 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்விலும் முதல் மாரடைப்பு பெண்களுக்குச் சுமார் ஒன்பது ஆண்டுகள் பிந்தியே வந்தது. ஆனால் சர்க்கரை நோய் வந்துவிட்டால் இந்தச் சலுகை கரையத் தொடங்கும். அந்த நோயால் இதய நோய் அபாயம் ஆணுக்குச் சுமார் இரண்டு மடங்காகிறது, பெண்ணுக்கோ மூன்று மடங்கை நெருங்குகிறது. வயதான, வேறு நோய்களும் உள்ள பெண்கள்தான் மாரடைப்போடு வருகிறார்கள், அதனால்தான் அதிகம் இறக்கிறார்கள் என்பது இன்னொரு வாதம். அப்படியானால் இளம் வயதினரிடையே வித்தியாசம் இருக்கக் கூடாது. 1999-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று கிட்டத்தட்ட நான்கு லட்சம் நோயாளிகளைப் பார்த்தது. ஐம்பது வயதுக்குக் கீழ் ஆஸ்பத்திரியில் இறந்த பெண்களின் விகிதம் ஆண்களைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். வயது கூடக் கூட அந்த இடைவெளி குறைந்தது. முதுமையைக் காரணம் காட்டுவதற்கு இது நேர் எதிர்.

பெண்களுக்கு நெஞ்சுவலியே வராது, களைப்பும் குமட்டலும்தான் வரும், அதனால் கண்டுபிடிப்பது கஷ்டம் என்ற பேச்சும் உண்டு. 55 வயதுக்கு உட்பட்டவர்களைப் பற்றிய விர்கோ ஆய்வு வேறு கதை சொல்கிறது. மாரடைப்பு வந்த பெண்களில் 87 சதவிகிதம் பேருக்கு நெஞ்சில் வலியோ அழுத்தமோ இருந்தது; ஆண்களில் சுமார் 90. கூடவே மூச்சுத்திணறல், தாடைவலி, வயிற்றுக் குமட்டல் என்று சேர்ந்து வருவது பெண்களிடம் சற்று அதிகம், அவ்வளவுதான். அட்மிட் ஆவதற்கு முன்பே டாக்டரிடம் போனவர்களைக் கேட்டால் விஷயம் புரிகிறது. ‘இது இதயம் இல்லை’ என்று டாக்டர் நினைத்ததாகச் சொன்னவர்கள் பெண்களில் 53 சதவிகிதம், ஆண்களில் 37. வலியைப் பெண் சொல்லித்தான் இருக்கிறாள். கேட்டவர் அதை ‘கேஸ்’ என்றோ ‘டென்ஷன்’ என்றோ எடுத்துக்கொண்டால் அவள் என்ன செய்வாள்?

நல்ல பரிசோதனை வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நம்ப முடியாது. இதயத் தசை சேதத்தைக் காட்டும் டிரோபோனின் ரத்தப் பரிசோதனையில், பெண்களுக்கென்று தனியே குறைந்த அளவுகோலை வைத்து ஸ்காட்லாந்தில் 48,282 பேரிடம் சோதித்தார்கள். பாதிப்புள்ள பெண்கள் கூடுதலாகக் கண்டறியப்பட்டார்கள். ஆனால் அடைப்பை நீக்கும் சிகிச்சை கிடைத்தது ஆண்களில் பாதி அளவுக்கே. அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக் வேறு வழியில் போனது. ஈசிஜியில் கடும் மாரடைப்புக்கான அடையாளம் தெரிந்தால் அவசரப் பிரிவு மருத்துவரே ஆஞ்சியோ அறையைத் தயார்செய்யச் சொல்லலாம். நோயாளி யாரானாலும் அடுத்தடுத்த படிகள் ஒன்றே என்று 2014-ல் விதி செய்தது. சிகிச்சை தொடங்கும் நேரத்தில் ஆண், பெண் வித்தியாசம் ஏறக்குறைய மறைந்தது. ஒரு மாதத்துக்குள் நேரும் மரணங்களில் இருந்த இடைவெளியும் பாதியளவு சுருங்கியது. மீதிப் பாதிக்கு உடலும் வயதும் காரணமாக இருக்கலாம். சுருங்கிய பாதிக்கு நிச்சயம் அவை காரணமில்லை.

எல்லோருக்கும் பரிசோதனை என்றால் செலவு கூடும், வீண் பயம் பரவும் என்பது நியாயமான கவலை. எல்லோருக்கும் ஆஞ்சியோ என்று யாரும் கேட்கவில்லை, ஈசிஜி மலிவானது. யாரை உன்னிப்பாகப் பார்க்க வேண்டும் என்பதற்கான தகவலும் நம்மிடம் இருக்கிறது. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சர்க்கரைப் பரிசோதனை என்ற வழக்கத்துக்கு முன்னோடி சென்னை மருத்துவர் வீ. சேஷையா, தமிழக அரசு மருத்துவமனைகளில் அது வாடிக்கையாகிவிட்டது. கர்ப்பகாலச் சர்க்கரை வந்த பெண்ணுக்குப் பின்னாளில் இதய, ரத்தக்குழாய் நோய் வரும் அபாயம் இரண்டு மடங்கு என்று ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பற்றிய ஆய்வுத் தொகுப்பு காட்டியிருக்கிறது. பிரசவத்தோடு அந்தப் பரிசோதனைச் சீட்டை மூடிவைக்காமல், நாற்பதிலும் ஐம்பதிலும் அவளைப் பார்க்கும் டாக்டரின் மேசைக்கு அது வரச் செய்யலாம். நெஞ்சுவலியோடு வருபவருக்குப் பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி என்பது ஏற்கெனவே உள்ள மருத்துவ நெறி. டாக்டருக்குச் சந்தேகம் வந்தாலும் வராவிட்டாலும், இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கும் அதை விதிவிலக்கின்றி நடத்த வேண்டும். அதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை.