இஸ்திரிப் பெட்டியின் கணக்கு

மின்சாரத்தை நாம் கண்ணால் காண முடியாது. ஆயினும் அதனை அளந்தறிய நம் பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே இரண்டு கருவிகள் உள்ளன. வோல்ட்மீட்டர் மின்னழுத்தத்தைக் காட்டும். அம்மீட்டர் மின்னோட்டத்தைக் காட்டும். இவ்விரு எண்களும் கிடைத்துவிட்டால் போதும். மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை கிடைக்கும். அதன் அலகு ஓம். இரண்டையும் பெருக்கினால் திறன் கிடைக்கும். அதன் அலகு வாட்.

வகுத்தல் விதியை 1827-ல் நூலாக வெளியிட்டவர் ஜெர்மானியரான ஜார்ஜ் சைமன் ஓம். பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகனான இவர், கொலோன் நகரில் ஒரு பள்ளியில் ஆசிரியராக இருந்தபோது, அப்பள்ளியின் ஆய்வுக்கூடத்திலேயே தம் சோதனைகளைச் செய்தார். தொடக்கத்தில் சொந்த நாட்டில் அவருடைய நூலுக்கு வரவேற்பில்லை. 1841-ல் இலண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் அளித்து அவரைப் பெருமைப்படுத்தியது. ஆய்வுக்கூட வகுப்பு என்றாலே கொட்டாவி விடும் தோழியர் இதைக் கவனிப்பார்களாக!

இனி நம் வீட்டு இஸ்திரிப் பெட்டிக்கு வருவோம். அதன்மீது 230 வோல்ட், 1000 வாட் என்று பொறித்திருப்பதாகக் கொள்வோம். 1000-ஐ 230-ஆல் வகுத்தால், அதில் பாயும் மின்னோட்டம் சுமார் 4.35 ஆம்பியர். 230-ஐ 4.35-ஆல் வகுத்தால் சுமார் 53 ஓம். இதுவே பெட்டிக்குள் இருக்கும் கம்பிச் சுருளின் தடை. (மின்விசிறி போன்ற மோட்டார் உள்ள கருவிகளுக்கு இக்கணக்கு அப்படியே பொருந்தாது. அதை மேல் வகுப்பில் படிக்கலாமாம்!)

மாலையில் எல்லா வீடுகளிலும் விளக்கெரியும் வேளையில் மின்னழுத்தம் 160 வோல்ட்டாக இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கம்பியின் தடை பெரிதும் மாறுவதில்லை. 160-ஐ 53-ஆல் வகுக்க, மின்னோட்டம் சுமார் 3 ஆம்பியர்தான். 160-ஐயும் 3-ஐயும் பெருக்கினால் 480 வாட். மின்னழுத்தம் மூன்றில் ஒரு பங்குகூடக் குறையவில்லை. திறனோ பாதிக்கும் கீழே போய்விட்டது! அழுத்தம் குறையும்போது ஓட்டமும் உடன் குறைவதே இதற்குக் காரணம். சீருடைப் பாவாடையின் மடிப்பு நிற்கவில்லையே என்று பெட்டியைக் குறை கூறிப் பயனில்லை.

இதைவிட முக்கியமான கணக்கு பிளக்கில் இருக்கிறது. தாய்மார்கள் இதை அவசியம் அறிய வேண்டும். பிளக்கின் முனை துளைக்குள் சரியாகப் பொருந்தாமல் ஆடினால், அவ்விடத்தில் ஒரு புதிய தடை உண்டாகிறது. அது ஒரே ஒரு ஓம் என்று கொள்வோம். மொத்தத் தடை இப்போது 54 ஓம். மின்னோட்டம் சுமார் 4.26 ஆம்பியர். அந்த ஒரு ஓம் இடத்தில் இழக்கப்படும் மின்னழுத்தம் 4.26 வோல்ட். பெருக்கிப் பார்த்தால் சுமார் 18 வாட். மிகக் குறைவு என்று தோன்றுகிறதல்லவா? ரேடியோ பழுதுபார்ப்பவர் ஈயம் உருக்கும் பற்றவைப்புக் கோல் 25 வாட்தான்! ஏறக்குறைய அவ்வளவு வெப்பமும் ஒரு சிறிய பித்தளைத் துண்டில் சேர்ந்தால், சுற்றியுள்ள பிளாஸ்டிக் கருகத்தானே செய்யும்?

ஃபியூஸ் நம்மைக் காப்பாற்றாதா என்று கேட்கலாம். மின்னோட்டம் அளவுக்கு மீறினால்தான் ஃபியூஸ் உருகும். இங்கோ மின்னோட்டம் 4.35-லிருந்து 4.26 ஆகக் குறைந்தே இருக்கிறது. ஆகவே ஃபியூஸுக்கு ஒன்றும் தெரியாது. பிளக்கைத் தொட்டால் சூடு, கருகல் வாசனை, துளையைச் சுற்றிப் பழுப்பு நிறம் ஆகியவையே நமக்குக் கிடைக்கும் அடையாளங்கள். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, மின்பணியாளரை அழைத்து சாக்கெட்டையும் பிளக்கையும் சேர்த்தே மாற்றிவிட வேண்டும்.